ரங்கராஜுவுக்கு விற்காத இன்ஜின்

இது நான் நேரில் பார்த்த கதை இல்லை. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் அன்வர் சொன்னது. அவருக்கு மாடல் ரயில் பைத்தியம் உண்டு. அவர் சொன்னதில் எது அவர் பார்த்தது, எது அவர் கேள்விப்பட்டது என்று நான் அப்போது பிரித்துக் கேட்கவில்லை. அதனால் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

கோவை காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள், தையல் சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியில், மாடல் ரயில் கடை ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் இன்ஜின்கள், விரல் நீளப் பெட்டிகள், தீப்பெட்டி அளவு ஸ்டேஷன்கள். நடத்துபவர் மரகதவல்லி. நாற்பது வயது இருக்கும். முன்பு ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் ரயிலைப் பற்றிச் சந்தேகம் கேட்க ஆரம்பித்து, கடைசியில் வேறு எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அன்வர் சொன்னார்.

அவருடைய சீடர் சிதம்பரநாதன் அவரைவிட இருபது வயது பெரியவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்தில் இதே மாதிரி ஒரு கடை திறக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒருநாள் மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றார்.

"மேடம், எனக்குச் சம்பளம் வேண்டாம். இந்த வியாபாரத்தைக் கத்துக்கொடுங்க."

"இதுல கத்துக்கறதுக்கு என்னங்க சார் இருக்கு? அந்தத் துணிய எடுத்துத் தண்டவாளத்தத் துடைங்க."

அன்றிலிருந்து தினமும் அவர் துடைத்தார்.

கண்ணாடி கவுன்டர் மேல் வட்டமாக ஒரு தண்டவாளம் பதித்திருந்தார்கள். எந்த இன்ஜினையும் அதில் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டாமல் விற்பதில்லை என்பது அந்தக் கடையின் வழக்கம். தண்டவாளத்தில் கறுப்புப் படிந்தால் இன்ஜின் திக்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். சிதம்பரநாதன் அதைச் சலிக்காமல் செய்தார். தன் பங்குக்கு வங்கியில் கற்ற ஒன்றையும் கடைக்குக் கொண்டுவந்தார். படியேறி யார் வந்தாலும் உடனே எழுந்து நின்று, "வாங்க சார், என்ன எடுக்கறீங்க?" என்று கேட்பார். விற்பனை கூடியது. மரகதவல்லி அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இப்படி ஒரு வருடம் போனது. ஆவணியில் சேலத்துக் கடையைத் திறக்க நாள் குறித்தாகிவிட்டது. ஆடி பிறந்ததும் சிதம்பரநாதனுக்குத் தூக்கம் போய்விட்டது. முதல் முறை வருகிறவரைப் பற்றி அவருக்குப் பயமில்லை. வந்தவர் மறுபடி வருவாரா என்பதுதான் பயம்.

"மேடம், ஒரு சந்தேகம்."

மரகதவல்லி ஓர் இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தில் சிக்கிய தலைமுடியை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க."

"வாடிக்கையாளர் விசுவாசம்னா என்ன?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"திரும்பத் திரும்ப வர்றது."

"கோர்ட்டுக்குக்கூடத்தான் திரும்பத் திரும்ப வர்றாங்க."

சிதம்பரநாதன் சிரித்துவிட்டார். "சரி, இஷ்டப்பட்டுத் திரும்பத் திரும்ப வர்றது. நம்ம ரங்கராஜு மாதிரி."

ரங்கராஜு பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவர். சனிக்கிழமை சாயந்திரம் தவறாமல் வருவார். வந்தால் வெறுங்கையோடு போகமாட்டார். ஒரு வாரம் இன்ஜின், ஒரு வாரம் கோச், கையைக் கடித்தால் ஒரு சிக்னல் கம்பமாவது வாங்கிப் போவார். சிதம்பரநாதனுக்கு அவரைப் பற்றிப் பெருமை. சேலத்தில் இப்படிப் பத்துப் பேர் கிடைத்தால் போதும் என்று அன்வரிடமே சொல்லியிருக்கிறார்.

சிதம்பரநாதன் தன் பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். அச்சுமை வாசனை போகவில்லை.

"என்னங்க இது?"

"விசுவாச அட்டை. ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் ஒரு முத்திரை. பத்து சேர்ந்தா ஒரு கோச் இலவசம். சேலத்துக்காக அடிச்சேன். இங்கேயே ஒருத்தருக்குக் கொடுத்துப் பார்த்துடலாமேன்னு. முதல் அட்டை ரங்கராஜுவுக்கு."

மரகதவல்லி ஓர் அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. குடுங்க. குடுக்கறதுக்கு முந்தி அவருகிட்ட ஒண்ணு கேட்டுருங்க. வீட்டுல ரயில் ஓட்டற லேஅவுட் எத்தனை பெருசா போட்டிருக்காருன்னு."

"ஏன் மேடம்?"

"எனக்குத் தெரியல. அதனாலதான். இன்ஜின் வாங்கறாரு, கோச் வாங்கறாரு. டிராக் வாங்கி நான் பாத்ததே இல்ல."

"வேற கடையில வாங்கியிருப்பார்."

"இருக்கலாம்."

அந்த வாரம் முழுக்க சிதம்பரநாதனுக்கு அதே யோசனை. வெளிநாட்டிலிருந்து யாராவது தண்டவாளம் கொண்டுவந்து கொடுத்திருப்பார்களோ? ஸ்டோர்ஸில் இருப்பவர், தகட்டை வெட்டித் தானே செய்துகொண்டாரோ?

"ஒருவேளை வாங்கின விலைக்கு மேல வச்சு வித்துடறாரோ மேடம்?"

"அப்படி விக்கத் தெரிஞ்சவரா இருந்தா நீங்க அவருகிட்டயில்ல சீடனாச் சேரணும்?"

சனிக்கிழமை தூறல். ரங்கராஜு குடையை மடக்கிக்கொண்டே மேலே வந்தார். ஒரு கால்தான் உள்ளே வைத்திருப்பார். சிதம்பரநாதன் எழுந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க! இன்னிக்கு என்ன எடுக்கறீங்க?"

ரங்கராஜு கண்ணாடி அலமாரியை மேலும் கீழுமாகப் பார்த்தார். ஒரு பச்சை டீசல் இன்ஜினைக் காட்டினார். வழக்கப்படி அதை வட்டத்தில் வைத்து ஓட்டினார்கள். ரங்கராஜு குனிந்து, தாடையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இன்ஜின் வளைவில் திரும்பி வருவதைக் கண் மட்டத்தில் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்னால் ஒரு சுற்று. பின்னால் ஒரு சுற்று. சிதம்பரநாதன் இன்ஜினைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்.

"பில் போட்டுடலாமா சார்?"

ரங்கராஜு நிமிர்ந்தார். "போட்டுருங்க."

"சார், ஒரு விஷயம் கேக்கலாமா? வீட்டுல லேஅவுட் எவ்வளவு பெருசு?"

"லேஅவுட்டுங்களா?" அவர் குடைப் பிடியைக் கை மாற்றிக்கொண்டார். "இன்னும் போடலீங்க."

"டிராக் மட்டும் வாங்கி வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ இத்தனை நாளா வாங்கின இன்ஜின், கோச்செல்லாம்?"

"பீரோ மேல இருக்குதுங்க."

"ஓட்டவே இல்லையா?"

"பெட்டியே பிரிக்கலீங்க."

சிதம்பரநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"அப்புறம் எதுக்கு சார் வாங்கறீங்க?"

ரங்கராஜு மரகதவல்லியைப் பார்த்தார். அவரும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"இல்லீங்க, முன்னயெல்லாம் வந்தா சித்த நேரம் நிப்பேனுங்க. யாருக்காச்சும் ஓட்டிக் காட்டுவாங்க, பாத்துட்டு இருப்பேன், போயிருவேன். அப்புறம் நீங்க வந்தீங்க. என்ன எடுக்கறீங்கன்னு கேக்கறீங்க. இத்தனை பெரிய மனுசரு, எந்திரிச்சு நின்னு கேக்கறீங்க. ஒண்ணும் வேண்டாம்னு எப்படீங்க சொல்றது?"

கீழே தையல் கடையில் யாரோ நூல்கண்டு விலைக்குப் பேரம் பேசுவது மாடிவரை கேட்டது.

மரகதவல்லி எழுந்து வந்தார். பெட்டியைத் திறந்து பச்சை இன்ஜினை எடுத்தார். அலமாரியில் அது இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"இதை உங்களுக்குக் குடுக்கப் போறதில்லைங்க."

"ஏனுங்க? காசு கொண்டாந்திருக்கேனுங்களே?"

"காசப் பத்திப் பேச்சில்லைங்க. பீரோ மேல இருக்குதில்ல, அதுல ஒண்ணை அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. இங்க பிரிச்சு ஓட்டலாம். உங்களுக்கு எத்தனை நேரம் வேணுமோ அத்தனை நேரம்."

"சும்மாவா?"

"சும்மாதாங்க."

ரங்கராஜுவின் முகம் சிவந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் என்ன சோத்துக்கு இல்லாமயா இங்க வந்து நிக்கறேன்? சம்பாரிக்கறவனுங்க நானு."

"தெரியுமுங்க."

"அப்புறம்?"

ரங்கராஜு ஒரு நிமிடம் நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். தூறல் நிற்கவில்லை, ஆனாலும் அவர் குடையை விரிக்காமலே சந்துமுனையைத் தாண்டிப் போவதைச் சிதம்பரநாதன் ஜன்னலில் இருந்து பார்த்தார்.

"மேடம், போயிட்டாரே."

"ஆமாங்க."

"நல்ல மனுஷர் மேடம். நீங்க பாட்டுக்கு இன்ஜினைப் பிடுங்கி உள்ளே வச்சுட்டீங்க. கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவுதான் வந்துச்சு."

சிதம்பரநாதன் உட்கார்ந்தார். அவர் கை தானாகத் துணியை எடுத்துத் தண்டவாளத்தைத் துடைத்தது. காலையில்தான் துடைத்திருந்தார்.

"இல்ல, தப்பு என்னோடதுதான். ஒரு வருஷமா அந்த மனுஷரைத் துரத்தித் துரத்தி வாங்க வச்சிருக்கேன். அதுக்குப் பேர் விசுவாசம்னு அட்டை வேற அடிச்சிருக்கேன். இங்க ஒருத்தரையே புரிஞ்சுக்கத் தெரியலை. சேலத்துல போய் என்ன கடை நடத்தப் போறேன்?"

"நீங்க மரியாதையாத்தான் கேட்டீங்க சார்."

"அப்போ படியேறி வர்றவங்களை வேற என்ன கேக்கணும்? சொல்லுங்க, அப்படியே கேக்கறேன்."

"எதுக்குக் கேக்கணும்?"

"கடைன்னா கேக்காம எப்படி மேடம்?"

மரகதவல்லி கொஞ்சம் யோசித்தார்.

"சின்ன வயசுல ரயில் பாக்க ஸ்டேஷனுக்குப் போயிருக்கீங்களா?"

"போகாம? சேலம் ஜங்ஷன்லயே கிடந்திருக்கேன்."

"அங்க யாராச்சும் உங்ககிட்ட எந்த ஊருக்குப் போகணும்னு கேட்டாங்களா?"

"ஊரு கேக்கலை. பிளாட்ஃபாரம் டிக்கெட் கேட்டாங்க."

மரகதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்ததாகச் சிதம்பரநாதன் சொன்னாராம்.

"பாத்தீங்களா? அந்த டிக்கெட்டத்தாங்க அவரு வாராவாரம் வாங்கிட்டு இருந்திருக்காரு. பிரிச்சுப் பாப்பாரா பின்ன?"

சிதம்பரநாதனும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"திரும்பி வருவாரா மேடம்?"

"தெரியலீங்க."

"வராமலே போயிட்டா?"

"போனா போனதுதான். நமக்கு ஒரு நல்ல வாடிக்கை போச்சு."

"வந்தா? வந்தா நான் என்ன செய்யணும்?"

மரகதவல்லி கவிழ்த்துப் போட்டிருந்த இன்ஜினை மறுபடி கையில் எடுத்தார்.

"எந்திரிக்காதீங்க."

அன்வர் இந்த இடத்தில் கதையை முடித்தார். அடுத்த சனிக்கிழமையே ரங்கராஜு ஒரு பெட்டியோடு வந்துவிட்டார் என்றும் சொன்னார். எனக்கு அது அவ்வளவு சுலபமாக நடந்திருக்கும் என்று தோன்றவில்லை. எழுதுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளலாம் என்று சேலத்துக்குப் போனபோது சிதம்பரநாதனின் கடையைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ரங்கராஜு அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஆடி முடிந்து, ஆவணி புரட்டாசி போய், தீபாவளியும் கழிந்த பிறகுதான் ஒரு துணிப்பையோடு படியேறியிருக்கிறார்.

சேலத்துக் கடையும் ஆவணியில் திறக்கவில்லை. தையில்தான் திறந்தது. பணமுடையா என்று தயங்கிக் கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல தம்பி," என்றார். "சனிக்கிழமையானா மேடம் கடையில உக்காந்திருக்க வேண்டியிருந்தது."