திராட்சை ஐஸ் டீ

சின்னமனூரைத் தாண்டி, கால்வாய் ஓரத்துத் திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் அறை ஒன்று இருந்தது. சாமி அதில்தான் தங்கியிருந்தார். சித்திரை வெயிலில் சுருளிவேல் வந்து நின்றபோது, அவர் கொடியின் நிழலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"செருப்பு எங்க?"

சுருளிவேல் காலைக் குனிந்து பார்த்தான். கோபத்தில் வெறுங்காலோடு வந்திருந்தான்.

"மறந்துட்டேன்."

"சுடலையா?"

"சுடல."

"அப்ப பெரிய கேள்விதான். கேளு."

இருவருக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்போது சாமியின் பெயர் ஒச்சப்பன். படிப்பு முடிந்ததும் எங்கேயோ போனவர், தலை நரைத்த பிறகு திரும்பி வந்தார். ஊர் அவரைச் சாமி என்றது. சூரத்தில் மில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சுருளிவேலும் அவருக்குச் சீடனானான். மனசு அடங்கியிருந்தால் 'சாமி' என்பான். கோபம் ஏறினால் 'ஒச்சப்பா' என்பான். சாமி இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

"தப்புப் பண்ணினவன், தப்புன்னு தன் வாயால சொல்லாம அவன எப்படி விடுறது?"

"யாரு, செல்லப்பாண்டியா?"

"அவன் பேரைச் சொல்லாதீங்க."

செல்லப்பாண்டி அவனுடைய தம்பி. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க இன்று சாயங்காலம் வருகிறான். அதை வாங்காமல் திருப்பி அனுப்பினால், அத்தோடு இரண்டு வீட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது சுருளிவேலுக்கும் தெரியும்.

"அப்பா செத்தப்ப போன்ல என்ன சொன்னான்? 'நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கேண்ணே, பதறாம வா'ன்னான். ரயில் ஏறி, பஸ் ஏறி, அடிச்சுப் புடிச்சு ஓடி வர்றேன். வாசல்ல பந்தலப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க. மூத்தவன் நான் உசிரோட இருக்கேன், கொள்ளிய அவன் வச்சுட்டு மொட்டத் தலையோட நிக்கிறான். ஏண்டான்னேன். 'முடியலண்ணே'ங்கிறான். என்னடா முடியல? அண்ணன் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலையா?"

"காரணம் சொல்லலையா?"

"சொல்ல வந்தான். சொந்தக்காரங்களும் சொல்ல வந்தாங்க. அந்தப் பேச்ச எடுத்தவன எல்லாம் வெளிய போன்னுட்டேன். காரணம் யாருக்கு வேணும்? அப்பாவ நினைச்சா எனக்கு எந்த முகம் வருது தெரியுமா? கடைசியா என்னை சூரத்துக்கு பஸ் ஏத்தி விட்டு, வாய் நெறைய வெத்தலையோட கையாட்டுனாரே, அந்த முகம்தான். செத்த முகத்த அவன் என் கண்ணுல காட்டல."

சாமி நகவெட்டியை மடக்கினார்.

"இன்னைக்கு வரட்டும். நடு வீட்டுல நிக்க வச்சு, அன்னைக்கு நடந்தது பூராவையும் கக்க வைக்கிறேன். 'தப்புப் பண்ணிட்டேன்'னு சொன்னாத்தான் பத்திரிகையத் தொடுவேன். நீங்களும் வந்து உக்காருங்க, சாட்சிக்கு. நான் செய்யிறது சரியா, தப்பா? அதச் சொல்லுங்க."

"வெயில்ல வர்றவனுக்குக் குடிக்க என்ன குடுப்ப?"

"பச்சத்தண்ணி. அதுவும் கேட்டா."

"போதுமணி ஒண்ணும் செய்யலையா?"

"செய்யாம என்ன! என் பொண்டாட்டிக்குக் கொழுந்தன் மேல பாசம் பொத்துக்கிட்டு வருது. போன்ல எதையோ பாத்துட்டு, பன்னீர் திராட்சையில ஐஸ் டீ போடப் போறேன்னா. ஒரு சத்தம் போட்டேன். பாத்திரத்த அப்படியே வச்சுட்டுக் கோயிலுக்குப் போயிட்டா."

சாமி எழுந்தார். கொடியிலிருந்து நாலைந்து குலைகளை வெட்டித் துண்டில் கட்டினார்.

"எனக்கு ஐஸ் டீ வேணும். நட, உன் வீட்டுல போடலாம்."

"என் கேள்வி?"

"தாகமா இருக்குய்யா."

*

சமையலறையில் சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீ போடு. நான் பாக்குறேன்."

சுருளிவேலுக்குத் தெரிந்தது மில் காண்டீன் டீ. தண்ணீரை வைத்தான், தேயிலைத் தூளை அள்ளிப் போட்டான், அடுப்பைக் கூட்டினான். தூள் தளதளவென்று கொதித்துக் கறுத்தது. அவனும் அதற்கு ஈடாகக் கொதித்தான்.

"மகளுக்குக் கல்யாணம்னதும் அண்ணன் நினைப்பு வருது பாத்தீங்களா? இத்தன நாள் எங்க போச்சு அந்த நினைப்பு?"

"வந்தப்ப எல்லாம் நீதான வெளிய போன்ன."

"நீங்க யார் பக்கம்?"

"பொங்குது பாரு."

பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சுருளிவேல் அடுப்பை ஏசிக்கொண்டே அணைத்தான். திராட்சையைக் கொட்டையோடு மிக்சியில் போட்டு ஓட விட்டான். டீயை வடிகட்டியில் ஊற்றி, சக்கையைக் கரண்டியால் அழுத்தினான். திருகினான். மறுபடி அழுத்தினான். கடைசிச் சொட்டும் வந்த பிறகுதான் விட்டான். திராட்சைச் சாற்றைக் கலந்து, சூடு ஆறாமலே ஐஸ் கட்டியின் மேல் ஊற்றினான். ஐஸ் படபடவென்று வெடித்து, கண்ணெதிரே கரைந்து போனது.

ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"சக்கர பத்தல."

போட்டான். குடித்தான். இன்னும் போட்டான். தம்ளரைச் சாமியிடம் நீட்டினான். சாமி குடித்துப் பார்த்தார்.

"முன்னாடி வெறும் கசப்பு. இப்ப இனிக்கிற கசப்பு."

"ஒச்சப்பா, நக்கல் பண்ணாத!"

"வந்துட்டியா ஒச்சப்பனுக்கு."

"நான் போடுற டீய மில்லு பூரா குடிச்சிருக்கு."

"அதுல பால் ஊத்தியிருப்ப. துவர்ப்பப் பால் மூடிரும். இதுல மூடுறதுக்கு ஒண்ணுமில்ல." சாமி தம்ளரைக் கீழே வைத்தார். "கொட்டையப் போட்டு அரைச்ச. தூளப் போட்டுக் காய்ச்சுன. அதுக்கு மேல பிழிஞ்ச."

"வீணாப் போகுதேன்னு பிழிஞ்சேன்."

"வரவேண்டியது தானா இறங்கிருச்சு. பிழிஞ்சப்ப வந்தது வேற."

சுருளிவேல் தம்ளரில் இருந்ததைத் தொட்டியில் வீசி ஊற்றினான். கறுப்பாகத் தெறித்தது.

"தம்பியப் பத்திக் கேட்டா டீ போடச் சொல்லிக் குடுக்குற. நல்ல சாமிடா நீ."

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அலமாரியில் மேகமலைத் தேயிலை இருந்தது, தூள் அல்ல, இலை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்தார். அதற்குப் பிறகுதான் இலையைப் போட்டு மூடினார். கொஞ்ச நேரத்திலேயே மூடியை எடுத்து, வடிகட்டியில் சாய்த்தார். சர்க்கரையை அந்தச் சூட்டிலேயே கரைத்தார்.

வடிகட்டியில் இலை உப்பிக் கிடந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கியது. சுருளிவேலின் கை தானாகக் கரண்டிக்குப் போனது.

"கைய எடு."

"நிக்கிது பாரு உள்ள."

"நிக்கட்டும்."

திராட்சையைச் சாமி கையாலேயே மசித்தார். தோல் கிழிந்து சாறு வந்தது. கொட்டை முழுசாக அடியில் தங்கியது. சாற்றை மட்டும் வடித்து டீயில் ஊற்றினார். நல்ல சிவப்பு. பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆறவிட்டு, பிரிட்ஜுக்குள் தள்ளினார்.

அதற்குள் போதுமணி கோயிலிலிருந்து வந்துவிட்டாள். சமையலறை கிடந்த கோலத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"சாமி, இந்த மனுசன் அடுப்படிக்குள்ள வந்தாரா?"

"வந்தாரு. கொதிச்சாரு."

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

*

செல்லப்பாண்டி தனியாக வந்திருந்தான். உள்ளே விடுவார்களா என்று தெரியாததால் மனைவியைக் கூட்டி வரவில்லை. வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே."

சுருளிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உள்ள வாங்க தம்பி" என்றாள் போதுமணி.

வந்தான். தட்டை நீட்டினான்.

"தட்டக் கீழ வை" என்றான் சுருளிவேல். "நல்ல காரியம் அப்புறம். முதல்ல எனக்குக் கணக்குத் தீரணும். சாமி முன்னாடி சொல்லு. வச்சிருக்கேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேண்ணே."

"அப்புறம் ஏண்டா எடுத்த? அவ்வளவு அவசரமா உனக்கு? மூத்தவன் மரியாதை வேணுமோ துரைக்கு?"

செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். போதுமணி இடையில் புகுந்து தம்ளர்களைக் கொண்டு வந்தாள். சிவப்பு டீயில் ஐஸ் கட்டிகள் மோதிக் கிணுகிணுத்தன.

"குடிச்சுட்டுப் பேசுங்க. தொண்ட காஞ்சிருக்கும்."

செல்லப்பாண்டி கையை நீட்டினான். தம்ளருக்குள் பார்த்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"மதினி, ஐஸ் இல்லாம குடுங்க."

"இந்த வெயில்லயா?"

"ஐஸ் நான் தொடுறதில்ல மதினி."

"ஐஸ் வண்டி பின்னாடி தெருத் தெருவா ஓடுன பய நீ" என்றான் சுருளிவேல். "இப்ப ஆகாதாக்கும்?"

"அன்னைக்கிலருந்து ஆகலண்ணே."

செல்லப்பாண்டி தம்ளரில் மிதந்த ஐஸையே பார்த்தான்.

"கோடை மழைக்காத்துல போஸ்ட் சாஞ்சு கரண்ட் போச்சு. அப்பாவ வச்சிருந்த ஐஸ் பெட்டி நின்னு போச்சு. மார்க்கெட்டுல பாளம் பாளமா ஐஸ் வாங்கியாந்தேன். உடைச்சு உடைச்சு நான்தான் போட்டேன், இந்தக் கையால. அந்த வெக்கையில ஐஸ் நிக்கலண்ணே. விடியங்காட்டியும் அப்பா..."

அவன் நிறுத்திவிட்டான். அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, அன்றைக்குச் சொன்னதையே சொன்னான்.

"முடியலண்ணே."

'அப்புறம்?' என்ற கேள்வி சுருளிவேலின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விடியற்காலையில் அப்பா எப்படி இருந்தார்? கேட்டால் தம்பி சொல்லிவிடுவான். அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை ஆடியது. வெற்றிலைச் சிவப்பு வாய் சிரித்தது.

சுருளிவேல் தம்பியின் தம்ளரை எடுத்தான். விரலை உள்ளே விட்டு ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் தம்ளரில் போட்டான். ஐஸ் இல்லாத தம்ளரைத் தம்பியிடம் நீட்டினான்.

"குடிடா."

செல்லப்பாண்டி ஒரே மூச்சில் குடித்தான்.

"தட்ட எடு. எம்புட்டு நேரம் கீழ கெடக்கும்? குங்குமம் எங்கடா? குங்குமம் இல்லாமப் பத்திரிகை வைக்க வந்திருக்கான், அறிவுகெட்டவன். போதுமணி, குங்குமச் சிமிழக் கொண்டா."

*

தம்பியின் வண்டி தெருமுனையைத் தாண்டியது. சுருளிவேல் நேரே சமையலறைக்கு வந்தான். பாதி குடித்த தம்ளரை மேடையில் வைத்தான்.

"ஒச்சப்பா, பாத்தியா? தப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வரல."

சாமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"பத்திரிகைய வாங்கிட்டேன். போகட்டும். ஆனா பாதியில நிறுத்திட்டானே! எங்கப்பா அவரு. என்ன நடந்துச்சுன்னு முழுசா எனக்குத் தெரிய வேணாமா? நாளைக்கே அவன் வீட்டுக்குப் போறேன். உக்கார வச்சுக் கேக்குறேன். மிச்சத்தையும் சொல்லித்தான ஆகணும்?"

சாமி கையைத் துடைத்துக்கொண்டார். மேடையில் இருந்த வடிகட்டியை எடுத்தார். உப்பிய இலை அதில் அப்படியே இருந்தது. அடியில் ஒரு சொட்டு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுருளிவேலின் தம்ளருக்கு மேலே பிடித்து, இன்னொரு கையில் கரண்டியை எடுத்தார்.

"இதுலயும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. பிழியவா?"

சுருளிவேல் வாயைத் திறந்தான். பிறகு, தம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.