ஆட்டுக்கு ஜாமீன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

மாடத்தியின் வெள்ளாட்டைக் கொம்பையா திருடினான். மறுநாளே பிடிபட்டான். அன்று சாயங்காலமே ஜாமீனில் வந்துவிட்டான். ஆடு வரவில்லை. அது வழக்குச் சாமானாம். தீர்ப்பு வரும்வரை கோர்ட்டு வேப்பமரத்தில்தான் கிடக்க வேண்டுமாம். யாரும் கறக்கவும் கூடாதாம். மடி கட்டிப்போய் அது கத்திக்கொண்டே கிடந்தது.

மாடத்திக்கு நாற்பது வயதில் பிறந்த கைப்பிள்ளை ஒன்று. அவளுக்கோ பால் வற்றிப்போச்சு. அந்த ஆட்டுப் பாலில்தான் பிள்ளை உயிரோடு இருந்தது.

கொம்பையா தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: "என்னக்கா, ஆடு சௌக்கியமா?"

அவளுக்குக் குரு என்றால் ஊரில் பிச்சையெடுத்துத் திரியும் கந்தல்சாமிதான். அவளைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம் போய் அழுதாள்.

"சாமி, திருடினவன் வெளியே திரியறான். திருடுபோனதைக் கட்டிப் போட்டிருக்காங்க. இதென்ன சட்டம்?"

"குற்றம் செஞ்சவனுக்குத்தான் ஜாமீன் தாயி. உன் ஆடு ஒண்ணும் செய்யலையே."

சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தார். ஆட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அது அவர் மேல்துண்டைப் பாதி மென்று தின்றது.

"ஜட்ஜையா, என் துண்டைத் தின்னுட்டுது! ஆட்டு மேல கேசு எழுதுங்க. எழுதிட்டு ஜாமீனும் கொடுங்க."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. தடிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"கொடுக்கலாம்."

மாடத்தி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"பொறும்மா. சொந்த நிலம் உள்ள ஆள் ஜாமீன் நிற்கணும். ஆடு அவர் பொறுப்பில் அவர் வீட்டில் இருக்கணும். உனக்கு நிலம் இருக்கா?"

இல்லை. சாமிக்கு இருந்தது அரைத் துண்டு.

கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. "எனக்கு ஒரு ஏக்கர் இருக்குங்க. பட்டாவோட."

கொம்பையா.

ஜட்ஜ் மறுபடியும் புரட்டினார். திருடன் ஜாமீன் நிற்கக் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

கொம்பையா அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். "போன தடவை பயந்து பயந்து இழுத்துட்டுப் போனேன்கா."

மாடத்தி சாமி பக்கம் திரும்பினாள். "உங்க புத்தியைக் கேட்டேன். அவன் கையிலேயே கொடுத்தாச்சு. இதுவா நியாயம்?"

"பிள்ளை கடைசியா எப்பக் குடிச்சது?"

"நேத்துக் காலையிலே. வெறும் கஞ்சித் தண்ணி."

சாமி திருவோட்டை எடுத்தார். நேரே கொம்பையா வீட்டு வாசலில் போய் நின்று, "தாயே, கொஞ்சம் பால்" என்று பிச்சை கேட்டார்.