அடியில் ஒட்டுப் போட்ட கிண்ணம்

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கடைகள் இருந்தன. வலப்பக்கம் சலேத்மேரியின் பேக்கரி. இடப்பக்கம் அவள் கணவன் தேவராசுவின் சூப் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டி, தட்டியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி.

ஒரு மார்கழிக் காலையில் பேக்கரிப் பலகைமேல் பன்னிரண்டு மாவு உருண்டைகள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அன்று அவை பன் ஆகப் போவதில்லை, கிண்ணம் ஆகப்போகின்றன என்று பேச்சு அடிபட்டது. எங்கோ ஒரு நாட்டில் ரொட்டியைக் குடைந்து அதற்குள் சூப் ஊற்றிக் கொடுப்பதைச் சலேத்மேரி கைப்பேசியில் பார்த்திருந்தாள். அதிலிருந்து அவளுக்கு வேறு நினைவே இல்லை.

"அங்க ஊத்துறது கூழ் மாதிரி கெட்டியா இருக்கு மேரி. நம்மது ஆட்டுக்கால் சூப்பு, தண்ணி. ரொட்டியில ஊத்தினா குடிக்க வந்தவன் மடியிலதான் போய் நிக்கும்" என்றான் தேவராசு.

"ஒண்ணே ஒண்ணு சுட்டுப் பாக்கறேங்க. சாயங்காலம் முதல் ஆளுக்கு அதுலதான் ஊத்தப்போறேன். நின்னுச்சுன்னா மீதிப் பதினொண்ணும் கிண்ணம்."

"ஒழுகிச்சுன்னா?"

"பதினொண்ணையும் தட்டி ரஸ்க்குக்குப் போட்டுடறேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

துணிக்கு அடியில் பன்னிரண்டும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

சலேத்மேரி துணியை விலக்கி ஓர் உருண்டையை எடுத்தாள். அது மற்றவற்றைவிடத் தைரியமானது என்பதால் அல்ல. ஓரத்தில் இருந்தது, அவ்வளவுதான். மீதிப் பதினொன்றையும் சீக்கிரம் பொங்கிவிடாமல் இருக்கச் சன்னலோரக் குளிரில் வைத்து மூடினாள்.

"போய்ட்டு வாக்கா" என்றன பதினொன்றும்.

"எங்களை நினைச்செல்லாம் பயந்துக்காத" என்றது ஒன்று.

அதைக் கேட்ட பிறகுதான் உருண்டைக்குப் பயம் வந்தது.

தட்டியின் வழியாகச் சூப் கடையின் அலமாரி தெரிந்தது. அதில் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

"யாருடி இது?"

"புதுக் கிண்ணமாம்."

"இதுவா? இது காய்ச்சக்காரன் தலைமாட்டுல பாலோட உக்கார்ற ஆளாச்சே. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டு இங்க வந்துட்டியா?"

"இவங்க வீட்டு பன்னு டீக்குள்ள இறங்கினதைப் பாத்திருக்கேன். பாதிதான் மேல வரும். மீதி டம்ளருக்கு அடியில சேறா கிடக்கும்."

அலமாரி முழுவதும் கிணுகிணுவென்று சிரித்தது.

உருண்டை தன் சொந்தக்காரர்களை எண்ணிப் பார்த்தது. பன், வர்க்கி, ரஸ்க் என்று அதன் வம்சத்தில் எல்லாரும் எதிலாவது ஊறியவர்கள்தான். எதையாவது ஏந்தியவர் என்று ஒருவரைக்கூட அதனால் சொல்ல முடியவில்லை.

"நீங்க எல்லாம் எப்படிங்க ஒழுகாம இருக்கீங்க?" என்று அது உண்மையாகவே கேட்டது.

தங்க விளிம்பு போட்ட ஒரு கிண்ணம் கழுத்தை நிமிர்த்தியது. "எதை ஊத்தினாலும் உள்ள விடக் கூடாது. எங்க உடம்புல மெத்துன்னு ஒரு இடம் இருக்கா, தொட்டுப் பாரு. உனக்கு வயிறு முழுக்க அதுதான். அதை வச்சுக்கிட்டு எங்க பக்கத்துல உக்கார முடியுமா?"

உருண்டை இதை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு.

அடுப்பு அதிகம் பேசுகிற ஆள் இல்லை. உருண்டை உள்ளே போனதும், "எவ்வளவு நேரங்க இருக்கணும்?" என்று கேட்டது.

"நீ போதும்னு சொல்ற நேரத்துக்கு மேல இன்னும் கொஞ்சம்" என்றது அடுப்பு.

அப்படியே நடந்தது. உருண்டை உப்பியது, போதும் என்றது, அதற்குப் பிறகும் இருந்தது. வெளியே வந்தபோது அதன் மேல்தோல் காய்ந்த தேங்காய் ஓட்டின் நிறத்தில் இறுகியிருந்தது. சலேத்மேரி அதைக் கவிழ்த்து அடியில் விரல் மடக்கித் தட்டினாள். டொக்கென்று நல்ல சத்தம் வந்தது. அவள் முகம் மலர்ந்தது. சூட்டோடு வெட்டினால் உள்ளே களியாகிவிடும் என்பதால் இரண்டு மணி நேரம் ஆறவிட்டாள்.

பிறகு கத்தி வந்தது. மேலே வட்டமாக ஒரு மூடியை அறுத்து எடுத்தது. உள்ளே வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது.

"விரல் கனத்துக்குச் சுவரு விடணும்னு அம்மா நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்றது கத்தி. "அதோட நிறுத்திக்கறேன்."

"இன்னும் கொஞ்சம் எடுத்துடுங்க" என்றது ரொட்டி.

"எதுக்கு?"

"மெத்துன்னு இருக்கிறது எதுவும் எனக்குள்ள மிஞ்ச வேண்டாம்."

சலேத்மேரியின் கை அந்த நேரம் பார்த்துச் சற்று வழுக்கியது. கத்திக்கு அது போதுமாக இருந்தது. அடியில் ஓரிடத்தில் ஆழமாகச் சீவி எடுத்தது. பஞ்சு முழுவதும் ஒரு தகரத்தட்டில் போய் விழுந்தது. கோழிக்குப் போடுவதற்கென்று வைத்திருந்த தட்டு அது.

எல்லாம் முடிந்த பிறகுதான் ரொட்டிக்கு அடிவயிற்றில் சில்லென்று இருந்தது. அந்த இடத்தில் பஞ்சே இல்லை. வெறும் தோல்தான் இருந்தது, அதுவும் வெங்காயச் சருகு போல.

"ஐயோ, மெலிசாப் போயிடுச்சுங்க" என்றது கத்தியிடம்.

கத்தி குரலைத் தாழ்த்தியது. "கத்தாத. வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. நீ கேட்டே, நான் எடுத்தேன். ரெண்டு பேருக்கும்தான் கெட்ட பேரு. சும்மா சிரிச்ச முகமா உக்காந்திரு, சூப்பு ஊத்திடுவாங்க."

"ஊத்தினா ஒழுகிடுமே."

"ஒழுகினா ரொட்டின்னாலே அப்படித்தான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. உன்னைத் தனியா யாரும் திட்ட மாட்டாங்க."

ரொட்டி சன்னல் பக்கம் பார்த்தது. பதினொன்றும் துணிக்கு அடியில் மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ரொட்டின்னாலே அப்படித்தான் என்றால், அவையும் அப்படித்தான்.

அப்போது சன்னல் வழியாக மதிய வெயில் மேசைமேல் விழுந்து கிடந்தது. ரொட்டி அதைக் கூப்பிட்டது.

"கொஞ்சம் எனக்குள்ள வந்துட்டுப் போங்க."

"உனக்குள்ள எதுக்கு?"

"ஒரு இடத்தைக் காட்டணும்."

சலேத்மேரி உட்புறம் தடவுவதற்காக முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து எடுத்து வந்து ரொட்டியைக் கையில் தூக்கினாள். வெயில் அதற்குள் இறங்கியது. மற்ற இடமெல்லாம் இருட்டாக இருக்க, அடியில் மட்டும் நகம் அளவுக்கு ஓர் இடம் தேன் நிறத்தில் எரிந்தது.

அவள் கை அப்படியே நின்றது. "ஏங்க, இங்க வாங்களேன்."

தேவராசு வந்து எட்டிப் பார்த்தான். "ஓட்டை. சொன்னேன்ல?"

"ஓட்டை இல்லைங்க. மெலிசு."

"சூப்பு போய் நின்னா அரை நிமிஷத்துல ஓட்டை. விடு மேரி. நல்லாத்தான் பண்ணின. ஆனா இது நமக்குச் சரிப்படாது."

தட்டிக்கு அந்தப்பக்கம் அலமாரி மறுபடி கிணுகிணுத்தது. ரொட்டியால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"என்னைக் கூப்பிடு" என்று ஒரு குரல் கேட்டது.

தகரத்தட்டில் கிடந்த பஞ்சுதான் பேசியது.

"உன்னை நான்தானே போகச் சொன்னேன்" என்றது ரொட்டி.

"ஆமா. காதுல விழுந்துச்சு."

"கோபமா?"

"கோபம் இருக்கு. அதை அப்புறம் வச்சுக்கலாம். இப்ப அடியப் பாக்கணும்."

"நீ தண்ணியப் பாத்தா ஊறிடுவியே."

"ஊறுவேன். ஊறினா நான் என்ன ஆவேன்னு யோசிச்சியா?"

ரொட்டி அதை யோசித்ததில்லை. ஊறினால் அவமானம் என்பதோடு அதன் யோசனை நின்றுபோயிருந்தது.

சலேத்மேரி தட்டை எடுத்துக் கோழிக்குப் போடலாம் என்று நகர்த்தினாள். முட்டைக்கரு பட்ட விரலில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டிக்கொண்டது. உதறினாள். போகவில்லை. இன்னொரு முறை உதறினாள். அது பிடித்த பிடியை விடவில்லை. அவள் விரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிசைந்தாள். அது பசை போலத் திரண்டது.

"ஏங்க, ஒரு அரை மணி நேரம் குடுங்க" என்றாள்.

இன்னும் கொஞ்சம் பஞ்சை எடுத்து, வெள்ளைக்கருவில் பிசைந்து, அந்த மெலிந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மேலே இன்னொரு பூச்சுப் பூசி ரொட்டியை மறுபடியும் அடுப்பில் வைத்தாள். இந்தத் தடவை எவ்வளவு நேரம் என்று ரொட்டி கேட்கவில்லை.

"ஊறுற ஆளை வச்சு ஒழுகுறதை அடைக்கிறாங்களாம்" என்று தங்க விளிம்புக் கிண்ணம் பக்கத்துக் கிண்ணத்திடம் சொன்னது. "வேடிக்கை பாரு."

நாலு மணிக்கு முதல் ஆளாகப் பேருந்து ஓட்டுநர் மாதையன் வந்தார். குளிருக்குக் காதோடு மப்ளர் சுற்றியிருந்தார். மேசையில் ரொட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்ன மேரியக்கா, எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு. ரொட்டி எதுக்கு?"

"உக்காருப்பா. இன்னைக்கு உனக்கு இதுலதான் சூப்பு."

"காக்கி பேண்ட் ஒண்ணுதான் துவைச்சு இருக்கு. நாளைக்கு டியூட்டி இருக்குக்கா."

"ஒழுகிச்சுன்னா உங்கண்ணன் துவைச்சுக் குடுப்பாரு."

"நான் எப்ப சொன்னேன்?" என்றான் தேவராசு. ஆனாலும் கரண்டியை எடுத்தான்.

கரண்டிக்குள் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகும் சீரகமும் ஏறிய கோபக்காரச் சூப். ரொட்டிக்கு மேலே வந்து நின்று கீழே பார்த்தது.

"எனக்கு ஒரு ஊசி முனை வழி இருந்தாப் போதும், போய்டுவேன். தாங்குவியா?"

"தெரியலைங்க. எங்கள்ல இதுவரைக்கும் யாரும் தாங்கினதில்ல. அடியில ஒரு இடம் மெலிஞ்சு போச்சு. நான்தான் காரணம். ஒட்டுப் போட்டிருக்கு."

"அதை ஏன் எங்கிட்ட சொல்ற?"

"இறங்கப்போறது நீங்க. தெரிஞ்சு இறங்கணும் இல்லையா."

சூப் ஒரு கணம் கொதிப்பதை நிறுத்தியது. "நான் எத்தனையோ கிண்ணத்துல இறங்கியிருக்கேன். விரிசல் விட்ட கிண்ணம்கூட எங்கிட்ட வாயத் திறந்ததில்ல. சரி, நகரு, வரேன்."

சூப் இறங்கியது.

ரொட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உட்சுவர் நனைந்தது. சூப் சுற்றிச் சுற்றி வந்து, தன் வழக்கப்படி தாழ்ந்த இடத்தைத் தேடிக்கொண்டு, நேராக அந்த ஒட்டின்மேல் போய் நின்றது. உள்ளே நுழைந்தது.

அடியிலிருந்து ஒரு சொட்டு வந்தது. மேசைமேல் விரித்திருந்த காகிதத்தில் பொட்டு வைத்ததுபோல் விழுந்தது.

"பாத்தியா?" என்றான் தேவராசு. அவன் குரலில் வெற்றி இல்லை. அவனும் அது விழக் கூடாது என்றுதான் நினைத்திருந்தான் போலும்.

சலேத்மேரி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதையன் தன் தேக்கரண்டியை நீட்டியவர் நீட்டியபடி இருந்தார். அலமாரியும் சிரிக்க மறந்து எட்டிப் பார்த்தது.

உள்ளே பஞ்சு குடித்தது. அதன் வம்சத்தில் எல்லாரும் டீயைக் குடித்தது போல, பாலைக் குடித்தது போல, ஒரு வெட்கமும் இல்லாமல் குடித்தது. குடித்ததும் உப்பியது. பக்கத்தில் இருந்த இடுக்கில் தோளைக் கொடுத்தது. இந்தப்பக்கச் சுவரையும் அந்தப்பக்கச் சுவரையும் பிடித்து நெருக்கியது. பின்னாலிருந்து மொறுமொறுத்த தோல் அதைத் தாங்கிக்கொண்டது. போக வந்த சூப்புக்கு வழி அடைபட்டது.

இரண்டாவது சொட்டு வரவில்லை.

தேவராசு குனிந்து மேசைக்கு அடியில்கூடப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. "நிக்குது மேரி."

"நீங்க குனிஞ்சதைப் பாத்து நான் பயந்தே போயிட்டேன்" என்றாள் அவள்.

மாதையன் உறிஞ்சினார். மூடியைப் பிய்த்துத் தொட்டுத் தின்றார். சூப் பாதியானதும் விளிம்பை ஒடித்தார். சூப் இறங்க இறங்க அவரும் சுவரைத் தின்றுகொண்டே கீழே இறங்கினார். ரொட்டிக்கு இது ஒரு புது அனுபவமாக இருந்தது. காலியாவதற்காக அது காத்திருக்க வேண்டியதில்லை. சுமந்ததோடு சேர்ந்தே அது போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அடிப்பகுதி மட்டும் மிஞ்சியது. கட்டைவிரல் ரேகை பதிந்த அந்த ஒட்டு சூப்பை முழுக்கக் குடித்துத் தளதளவென்று இருந்தது. மாதையன் அதை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, இந்த அடியில மட்டும் என்ன வச்ச? மொத்தத்துலயும் அதுதான் ருசி."

"அது ஒட்டுப்பா. மெலிஞ்சு போச்சுன்னு வச்சேன்."

"அப்ப எல்லாத்துக்கும் வை" என்றார் மாதையன். "எனக்கு இன்னொண்ணு."

பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நாலு பேர் வந்தார்கள். சலேத்மேரி எழுந்து போய்ச் சன்னலோரத்துத் துணியை விலக்கினாள். பதினொன்றும் நன்றாகப் பொங்கி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன.

"இன்னும் மூணு மணி நேரம் ஆகும், சுட்டு ஆறணும்" என்றாள் வந்தவர்களிடம்.

"பரவால்லக்கா. கடைசி பஸ்சுக்கு முன்னாடி குடுத்துடு."

அடுப்பு பதினொன்றையும் வாங்கிக்கொண்டது. ஏழு மணிக்கு இரண்டாவது கிண்ணம் மேசைக்கு வந்தது. அடியில் ஒட்டு, சுவரில் விரல் கனத்துக்குப் பஞ்சு, நிமிர்ந்த விளிம்பு. கரண்டியில் சூப் வந்து மேலே நின்றது. புதுக் கிண்ணத்தை ஏற இறங்கப் பார்த்து, வழக்கப்படி மிரட்டலாகவே கேட்டது.

"பயமா இல்லையா உனக்கு?"

"எங்கக்காவே ஒரு கிண்ணமுங்க" என்றது அது. "ஊத்துங்க."