அணைக்காதீர்

ரொம்பப் பழைய காலத்துக் கதை இல்லை, போன ஐப்பசியில் நடந்ததுதான். பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி. அந்தத் தொட்டியின் தலைமேல் ஒருநாள் புது விளக்கு ஒன்று வந்து உட்கார்ந்தது.

விளக்குக்குத் தங்கமான குணம். ஒரே ஒரு குறை, பொறுமை மருந்துக்கும் கிடையாது. வந்ததும் வராததுமாகக் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தது. இரண்டு மீன், ஒரு நத்தை. நடுவில் ஒரு மரக்கட்டையைக் கட்டிப் பிடித்தபடி ஒரு செடி. அதற்கு நாலே நாலு இலை.

அந்தச் செடியைக் கொண்டுவந்தவர் மீன்கடை மசூது பாய். பேர் 'அனுபியாஸ்' என்று சொல்லித்தான் கொடுத்தார். டோக்கன் கொடுக்கிற எஸ்தருக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. "அனுப்பியாச்சா? எங்க பாய் அனுப்பியாச்சு?" என்று கேட்டாள். பாய் சிரித்த சிரிப்பில், பல்வலிக்காரர்களும் வலியை மறந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து செடிக்கு அனுப்பியாச்சு என்றே பேர் விழுந்துவிட்டது. நாம் அனு என்று வைத்துக்கொள்வோம், வாய்க்கு லேசாக இருக்கும்.

புறப்படும்போது பாய் வாசலில் நின்று சொன்னார்: "தங்கச்சி, காத்து மோட்டாரை மட்டும் அணைக்கவே கூடாது. லைட்டு எட்டு மணி நேரம் எரிஞ்சாப் போதும். மறந்துராதம்மா."

"மறப்பேனா பாய்?" என்றாள் எஸ்தர். காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, பேனாவால் 'அணைக்காதீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். மோட்டார் சுவிட்சும் விளக்கு சுவிட்சும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. போகிற போக்கில் ஒட்டிவிட்டு ஓடினாள். ஒட்டியது விளக்கின் சுவிட்சில்!

அப்புறம் என்ன? சாயங்காலம் பெருக்க வருகிற இசக்கியம்மா, எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்து, பிளாஸ்திரி ஒட்டின சுவிட்சைத் தொடாமல் விட்டாள். மற்றதையெல்லாம் நிறுத்தினாள். தினமும் மோட்டார் கர்ர் என்று முனகி ஓயும். விளக்கு மட்டும் விடிய விடிய எரியும்.

விளக்குக்கோ பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா தாயி? எனக்குன்னே எழுதிப் போட்டிருக்காவ, அணைக்காதீர்னு!" என்று அனுவிடம் சொன்னது. "நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. ராப்பகலா உன்னை அணைச்சுக்கிட்டே இருப்பேன். ஒரே மாசத்துல இந்தத் தொட்டி நிறைய உன் இலைதான்!"

அனு மெதுவான பிறவி. பேச்சும் மெதுவு. "நான் மாசத்துக்கு ஒரு இலை விடுறவ, அண்ணே," என்றது. "எட்டு மணி நேரம் தந்தாப் போதும். அதுக்கு மேல எனக்குச் செரிக்காது."

"கூச்சப்படாமச் சாப்பிடு தாயி!" என்று விளக்கு இன்னும் பளீரென்று எரிந்தது. நம் வீட்டு விருந்திலும் இப்படி ஒரு ஆள் இருப்பார். நாம் இலையை மூடினாலும் மூடின இலையைத் திறந்து இன்னொரு கரண்டி வைப்பார். அவரிடம் கோபிக்கவும் முடியாது, தப்பிக்கவும் முடியாது.

அனுவுக்கு மிஞ்சின வெளிச்சம் தண்ணீரில் சிந்திக் கிடந்தது. நாலைந்து நாளில் கண்ணாடி ஓரத்திலிருந்து தூசு போல ஒரு குரல் கேட்டது.

"வணக்கம் அண்ணாச்சி."

"யாருடே அது?"

"பாசி அண்ணாச்சி. இல்லாதப்பட்டவன். நீங்க சிந்துறதைப் பொறுக்கித் திங்கேன். உங்களை மாதிரி ஒரு வள்ளலை நான் பார்த்ததே இல்ல!"

வள்ளல் என்ற ஒரு சொல்லுக்கு விளக்கு மெழுகாய் உருகிவிட்டது. "இரு, இரு, ஓரமா இருந்துக்கோ," என்றது.

ஓரமாக இருக்கிற ஆளா அது? பத்தாம் நாள் கண்ணாடி முழுக்கப் பாசி. பதினைந்தாம் நாள் மரக்கட்டையில் பாசி. அப்புறம் சுற்றம் சூழ அனுவின் இலைமேல் ஏறிப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் காலையில், "அண்ணாச்சி மாதிரி உண்டுமா!" என்று ஒரு புகழாரம். நத்தையும் தன்னால் ஆனமட்டும் மேய்ந்து பார்த்தது. இந்தப் பக்கம் நக்கித் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் முளைத்துவிடும். "என் ஒரு வாய்க்கு இது அடங்குமா?" என்று அலுத்துக்கொண்டது.

காத்திருந்த நோயாளிகள் வேறு, "அடேயப்பா, தொட்டி என்னமா பச்சப்பசேல்னு இருக்கு!" என்று வியந்தார்கள். பச்சை என்று கேட்டதும் விளக்கு அனுதான் வளர்கிறது என்று நினைத்துக்கொண்டது. பாவம், உயரத்தில் இருப்பவருக்குக் கீழே எல்லாப் பச்சையும் ஒரே பச்சைதான்.

ஒரு புதன்கிழமை எஸ்தர் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கைக் கண்ணாடியில் வைத்து உற்றுப் பார்த்தாள்.

"இசக்கியக்கா, இங்க வாங்களேன். இந்த அனுப்பியாச்சு செத்துப்போச்சு போல. இலையெல்லாம் கறுத்துக் கெடக்கு பாருங்க."

"ஆமா தாயி, கருகிப்போச்சு," என்றாள் இசக்கியம்மா.

"சனிக்கிழம வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள தெளியலைன்னா புடுங்கிக் குப்பையில போட்டிருவோம்."

விளக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. குப்பையிலா! என் தாயியையா! பதறிப்போய், இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எரிந்தது. மேல்மூடி சுடச்சுட எரிந்தது. எரிய எரிய, பாசிதான் இன்னும் ஒரு அடுக்கு கனத்தது.

"அனு! அனு! பேசு தாயி!"

பாசிக்கு அடியிலிருந்து ஈனசுரத்தில் ஒரு குரல் வந்தது. "அண்ணே, இருக்கியா?"

"இருக்கேனே! ஒரு நிமிசம்கூடக் கண்ணசரலியே!"

"இருக்கியா... எனக்கு ஒரே இருட்டாக் கெடக்கே அண்ணே. நீ எப்பவோ அணைஞ்சு போயிட்டன்னுல்லா நெனச்சேன்."

இத்தனை நாள் எரிந்த எரிப்பில் ஒரு துளிகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லையா? விளக்குக்கு அழுகை அழுகையாக வந்தது. அழுகை கோபமாக மாறி, பாசியின் மேல் பாய்ந்தது.

"நன்றி கெட்டவனே! எந்திரிடே அவ மேல இருந்து!"

பாசி சோம்பல் முறித்தது. "என்னை எதுக்கு ஏசுதீங்க அண்ணாச்சி? நானா வந்தேன்? கூப்பிட்டு உக்காரவச்சுப் பந்தி போட்டது நீங்க. அவ எட்டு மணி நேரத்துலயே கை கழுவிருவா. மிச்சம் பதினாறு மணி நேரமும் நீங்க எனக்குத்தானே எரிஞ்சீங்க?"

விளக்கைக் கணக்காகச் சுட்டுவிட்டது அந்தச் சொல்.

"நான் என்ன செய்யட்டும் அனு?" என்றது.

"கொஞ்ச நாள் கண்ணை மூடிக்கோ அண்ணே. நான் சேத்து வச்சதைத் தின்னு தாங்கிக்கிடுவேன். அவனுக்குச் சேத்து வைக்கிற பழக்கம் கெடையாது."

சொல்வது சுலபம். விளக்கு மெல்லத் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தது. கதவுக்குப் பின்னால் ஒரு பழைய ட்யூப் லைட் சுவரில் சாய்ந்து நின்றது. முன்பு இதே தொட்டியில் வேலை பார்த்தவர்தான். ஒருநாள் எரியவில்லை, பீஸ் போச்சு என்று கழற்றிச் சாத்தி வைத்தார்கள். இப்போது சிலந்தி வலை கட்டி, விளக்குமாறுக்குத் துணையாக நிற்கிறார். எரியாத விளக்கை யார் வைத்துக்கொள்வார்கள்? போதாக்குறைக்குச் சுவிட்சில் அந்த எழுத்து, அணைக்காதீர்.

"ஓய் வெளக்கு," என்று மோட்டார் கூப்பிட்டது. "என்னைத் தெனமும் நிறுத்துதாவ. நான் என்ன, செத்தா போயிட்டேன்? காலையில மறுபடியும் குமிழி விடுதேம்லா!"

"உனக்கென்னப்பா, பழகிட்ட."

"நீயும் பழகு."

விளக்கு கடைசியாக ஒருதரம் தொட்டிக்குள் பார்த்தது. அந்த நாலு இலையில் ஒரு நுனிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான், தன் ஒயரைத் தானே ஒரு நெளி நெளித்துச் சுவரில் செருகியிருந்த பிளக் பின்னை லேசாக நழுவ விட்டது. தொட்டி இருண்டது.

வியாழக்கிழமை காலையில் எஸ்தர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, புது லைட்டு அதுக்குள்ள பீஸ் போயிட்டே!" என்று சொல்லி அப்போதே மசூது பாய்க்குப் போன் போட்டாள். "பாய், சனிக்கிழம வரும்போது வேற லைட்டு ஒண்ணு கொண்டு வாங்க. அது வந்ததும் இதைக் கழத்திக் கதவுக்குப் பின்னால வச்சிருதேன்."

பிளக் பின் முழுசாகக் கழன்றிருக்கவில்லை. ஒரு அசை அசைத்தால் போதும், மறுபடி பளீரென்று எரியலாம். எஸ்தர் சந்தோஷப்படுவாள், புது விளக்கும் வராது.

பாசிக்கு இது தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி, உங்க நல்லதுக்குச் சொல்லுதேன்," என்று குழைந்தது. "ஒரே ஒரு மினுக்கு மினுக்குங்க. பாவம், உங்களைத் தூக்கி எறியப் போறாவ. பசி வேற உயிர் போவுது."

விளக்கு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பாசியின் குரலில் குழைவு போய், வசவு வந்தது. "நீயெல்லாம் ஒரு வெளக்கா? எரியத் துப்பில்லை!" என்றது. விளக்குக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டு தரம் ஒயர் தானாக அசையப் பார்த்தது. இரண்டு தரமும், "அனு, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டது. "இருக்கேன் அண்ணே," என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்துவிட்டது.

இருட்டில் நத்தைக்குத்தான் கொண்டாட்டம். பசியில் பாசியின் பிடி தளர்ந்துவிட்டது, புதிதாக முளைக்கவும் தெம்பில்லை. முதல் இலையில் வாயை வைத்த நத்தை, தலையை நிமிர்த்தாமல் நாலாவது இலை வரைக்கும் மேய்ந்துகொண்டே போனது. "இப்பத்தான்டே சாப்பாடு ருசிக்கு," என்றது.

சனிக்கிழமை வந்தது. மசூது பாய் கக்கத்தில் புது விளக்குப் பெட்டியோடு உள்ளே நுழைந்தார். பெட்டியைப் பார்த்ததும் விளக்குக்குப் பாதி உயிர் போய்விட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற ட்யூப் லைட், "வா தம்பி, இடம் இருக்கு," என்று கொஞ்சம் நகர்ந்துகூடக் கொடுத்தது.

பாய் தொட்டியைக் குனிந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"தங்கச்சி, லைட்டை எத்தனை நாளா நிறுத்தி வச்சிருக்க?"

"நான் எங்க நிறுத்துனேன் பாய்? அதுவா மூணு நாளா எரியல."

"சரியான வைத்தியம்லா நடந்திருக்கு! பாசி புடிச்சா நானே வந்து மூணு நாள் இருட்டு போடத்தான் சொல்லுவேன். செடி எப்படித் தெளிஞ்சு நிக்கி பாரு!" என்றவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிளாஸ்திரியை வாசித்தார். ஒருமுறை மோட்டார் சுவிட்சைப் பார்த்தார், ஒருமுறை எஸ்தரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு, டாக்டரே கையில் பல் பிடுங்குகிற குறடோடு வெளியே வந்து என்னவென்று எட்டிப் பார்த்தார்.

"அணைக்காதீர்னு காத்து மோட்டாருக்குப் போடச் சொன்னா, லைட்டுக்குப் போட்டு வச்சிருக்கியேம்மா! ஒரு மாசமா இது தூங்கவே இல்லையா?"

எஸ்தர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ பாய், மீனுவளுக்கு ஒண்ணும் ஆகலியே? அவசரத்துல ஒட்டிட்டேன்."

"மீனு கெட்டிக்கார மீனு, மேல வந்து காத்துக் குடிச்சுப் பொழச்சிருக்கு." பாய் பிளாஸ்திரியைப் பிய்த்து மோட்டார் சுவிட்சில் அழுத்தி ஒட்டினார். மோட்டார் மார்பை நிமிர்த்திக் குமிழி விட்டது. அடுத்து, நழுவிக் கிடந்த பின்னைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். விளக்கு எரிந்தது.

"பீஸும் போகல ஒண்ணும் போகல. நல்ல லைட்டு இது. பெட்டியை நான் திரும்பக் கொண்டு போறேன்," என்றார். போகும்போது சுவிட்சுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு டைமரை மாட்டிவிட்டார். காலை பத்து மணிக்கு எரியும், சாயங்காலம் ஆறு மணிக்குத் தானே நிற்கும்.

கார்த்திகையில் அனு ஐந்தாவது இலையை விட்டது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. அதைப் பார்த்து விளக்கு அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. பாசி இப்போதும் மூலையில் இருக்கிறது, நத்தைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற மாதிரி. "வணக்கம் அண்ணாச்சி," என்று எப்போதாவது இழுக்கும். விளக்கு காது கேளாத மாதிரி இருந்துவிடும்.

புது இலை விட்ட அன்று சாயங்காலம் டைமர் தொண்டையைச் செருமியது. விளக்கு குனிந்து பார்த்தது.

"மணி ஆறாகப் போவுது தாயி. அணைக்கட்டுமா?"

அனு புது இலையை மெல்ல மேலே தூக்கியது.

"அணைச்சுக்கோ அண்ணே."