அவரைப் பந்தலில் விழுந்த மான்

அன்று காலையில் அங்கே இருந்தவர்கள்: பரண்மேல் அழிசி, மரத்தடியில் அவருடைய ஆசான் கொற்றி, வேலிக்கு வடக்கே தித்தன், அவன் மனைவி, மூன்று பிள்ளைகள், கிழக்கே நெசவு நெய்யும் மருதி, மேற்கே தேன் எடுக்கும் கீரன். ஆக மனிதர் ஒன்பது பேர். மான் ஒன்று.

கொற்றிக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. மலையடிக் கோட்டையில் இருபத்தாறு ஆண்டு வில் பிடித்தவர் அழிசி. மீசை நரைத்ததும் கோட்டையார் ஒரு புது வேட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வேட்டியை அவர் இன்னும் கட்டவில்லை. நேரே கொற்றியிடம் வந்து வேட்டை கற்றுக்கொடுக்கும்படி கேட்டார்.

கொற்றியின் சோலை சின்னது. நடுவில் நின்று ஒருவர் இருமினால் மூன்று வீட்டிலிருந்தும் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். பெருங்காட்டு மான்கள் பகலில் அதற்குள் பதுங்கி, இருட்டியதும் மூன்று வீட்டு அவரையையும் மேய்ந்துவிடும். அதனால்தான் அங்கே வில்லுக்கு வேலை.

கோட்டையில் தூரம்தான் பெருமை. இங்கே பரண்மேல் இருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும். தவறிய அம்பு நம் மண்ணிலேயே குத்தி நிற்க வேண்டும். இதைப் பழகவே அழிசிக்கு ஒரு மழைக்காலம் போயிற்று.

ஒருநாள் அவர் கேட்டார்.

“ஆசானே, என்னை வேட்டுவர் என்று எப்போது சொல்வீர்கள்?”

“அது என் கையில் இல்லை.”

“பிறகு யார் கையில்?”

கொற்றி சோலையைச் சுற்றிக் கையை நீட்டினாள். மரங்களுக்கு மேலே மூன்று அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. புகையைப் பார்த்து அழிசிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. வில் எடுக்கும் நாளில் வேட்டுவர் அண்டை வீட்டு வாசலுக்கெல்லாம் போய்க் கேட்க வேண்டும். சம்மதமானால் அந்த வீட்டார் வேலியின் மூங்கில் படலைத் திறந்து வைப்பார்கள். அடிபட்ட மான் அந்தப் பக்கம் ஓடினால் தொடர்ந்து போகலாம். கேட்காமல் எய்து, மான் அடுத்தவர் மண்ணில் விழுந்தால், மண்ணுக்குரியவருக்கே மான்.

கொற்றி தனியாகப் பரண் ஏறச் சொன்ன நாளில் அழிசி மருதியிடம் கேட்டார். கீரனிடம் கேட்டார். தித்தன் வாசலுக்கு மட்டும் போகவில்லை. முந்தின சந்தையில் பத்துப் பேர் நடுவே தித்தன் அவரைக் கேலி செய்திருந்தான். கோட்டைச் சுவர் மாதிரி மான் அசையாமல் நிற்காது, கோட்டையாரே என்று. அந்தச் சிரிப்பு அவர் காதில் இன்னும் இருந்தது. மான் எப்போதும் கிழக்கேதான் ஓடுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வெயில் இலையில் படும் நேரத்துக்கு மான் வந்தது. நல்ல கொம்பு. பரணுக்கு நேர் கீழே வந்து பக்கம் காட்டி நின்றது. அழிசி மூச்சை அடக்கி நாணை விட்டார். விலாவில் அம்பு இறங்கிய சத்தம் அவருக்கே இனித்தது.

மான் துள்ளித் திரும்பி, வடக்கு வேலியைத் தாண்டி, தித்தனுடைய அவரைப் பந்தலில் போய் விழுந்தது.

“நல்ல அம்பு,” என்றாள் கொற்றி.

அழிசி நெஞ்சு நிமிர இறங்கி வந்தார். அந்த ஒரு சொல்லுக்கு ஓராண்டு காத்திருந்தவர்.

கொற்றி வடக்கே பார்த்தாள். “படல் சாத்தியிருக்கிறதே.”

“அங்கே நான் கேட்கவில்லை, ஆசானே.”

அவள் ஒரு வேர்மேல் உட்கார்ந்தாள்.

தித்தன் சத்தம் கேட்டு வந்து, சாய்ந்த பந்தலைப் பார்த்தான், மானைப் பார்த்தான், படலுக்கு இப்பால் நிற்கும் அழிசியைப் பார்த்தான். பிறகு நிதானமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்தான். கோட்டையார் பந்தலைப் பிடிக்கப் படையெடுத்து வந்திருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னான். அவள் முந்தானைக்குள் சிரித்தாள்.

அழிசியின் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பிப் போனால் மானும் போயிற்று, பேரும் போயிற்று. நின்று கெஞ்சலாம், கெஞ்ச வரவில்லை. தலை குனிந்தார். வேலிக் கல்லடியில் அவருடைய அம்பு கிடந்தது. மான் தாண்டும்போது கல்லில் பட்டு முறிந்த பின்பாதி. இறகு மட்டும் இருந்தது. முனை இல்லை.

அவர் தலை நிமிர்ந்தபோது தித்தனின் கடைக்குட்டி மானின் காயத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

அழிசி நாணைக் கழற்றினார். வில்லை வேலியில் சாத்திவிட்டுப் படலருகே வந்தார்.

“தித்தனாரே, பிள்ளையை எட்ட எடுங்கள். இரும்பு உள்ளே இருக்கிறது.”

தித்தனின் மனைவி ஓடி வந்து குழந்தையைத் தூக்கினாள்.

“காலையில் உங்கள் வாசலுக்கு வந்திருக்க வேண்டும்,” என்றார் அழிசி. “சந்தையில் நீங்கள் சிரித்ததை மனதில் வைத்துக்கொண்டு வரவில்லை. என் தவறு.”

“சரி. இப்போது மான் வேண்டுமாக்கும்.”

“மான் உங்களுடையது. நான் கேட்பது உள்ளே வர மட்டும். முனை கறியோடு வெந்தால் பிள்ளைகள் வாயைக் கிழிக்கும். எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன்.”

தித்தன் மெல்லுவதை நிறுத்தினான். எழுந்து வந்து படலைத் தூக்கி ஓரமாய் வைத்தான்.

அழிசி உள்ளே போய் மண்டியிட்டார். காயத்தில் கை விட்டுத் தேடி முனையை எடுத்தார். கழுவி, ஓரம் உடையாமல் முழுசாக இருப்பதைத் தித்தனுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே, கொற்றி கற்றுக்கொடுத்தபடி தோல் கிழியாமல் உரித்துக் கொடுத்தார். சாய்ந்த பந்தல்காலையும் நிமிர்த்திக் கட்டினார். தித்தன் மறுகாலைப் பிடித்துக்கொண்டான்.

மானுக்குரியவன் தித்தன் என்பதால் அவனே பங்கு வைத்தான். தேக்கிலையில் ஆறு பங்கு. தெய்வத்துக்கு ஒன்று. மருதிக்கு ஒன்று. கீரனுக்கு ஒன்று. மான் விழுந்த வீட்டுக்கு, வழக்கப்படி இரண்டு. ஆறாவதை அழிசியின் கையில் வைத்தான்.

“இது வேட்டுவர் பங்கு,” என்றான்.

அழிசி இரண்டு கையாலும் அதை ஏந்தி வேலியைக் கடந்து வந்தார். கொற்றி அதே வேர்மேல்தான் இருந்தாள். இலையை அவள் முன் வைத்தார்.

“தித்தனார் கொடுத்தார், ஆசானே. வேட்டுவர் பங்கு.”

“அதை ஏன் என்னிடம் வைக்கிறீர்கள்? நான் இன்று வில்லைத் தொடவே இல்லை.”

அழிசி குனிந்து இலையை மறுபடி எடுத்தார்.

கொற்றி எழுந்து, முந்தானையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அவள் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது.

“சாயங்காலம் கறி வெந்ததும் என் வாசலுக்கு வந்து கேளுங்கள், வேட்டுவரே. கேட்டால் சாப்பிட வருவேன்.”

ஆறு பங்கில் ஐந்து போக மிச்சம் ஒன்று. அது அழிசியின் கையில் இருந்தது.