முப்பத்தொன்பது பேர்

"நான் எழுதினதுக்கு ஊரான் பேரை எதுக்குப் போடணும், டீச்சர்?"

கேட்டவர் சந்தானம். ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பு வலி வந்ததால் கம்ப்யூட்டர் படிக்க வந்தார். சொல்லிக்கொடுப்பவள் மெஹருன்னிசா, அவரைவிடப் பதினாறு வயது சின்னவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஆறு மாதமாக உட்கார்ந்து ஒரு ஆப் செய்திருந்தார். பிள்ளை ஏறின வேன் எங்கே வருகிறது என்று அம்மாக்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த முதல் வேலை.

பள்ளிக்கூடத்தில் ஒன்று கேட்டிருந்தார்கள். இதற்குள் அடுத்தவர் எழுதினது என்னென்ன இருக்கிறது, அதற்கு அவர்கள் சொன்ன நிபந்தனை என்ன, பட்டியல் வேண்டும். இல்லாவிட்டால் வாங்க மாட்டோம்.

அவரிடம் பட்டியல் இல்லை. நெட்டிலிருந்து எடுத்துப்போட்ட ஒவ்வொரு புரோகிராம் துண்டின் தலையிலும் எழுதியவர் பேரும் நிபந்தனையும் இருந்தன. ஆப் கனக்கிறது என்று அவரே எல்லாவற்றையும் அழித்துவிட்டார். சும்மா கிடந்ததுதானே என்றார்.

மெஹருன்னிசா வாதாடவில்லை.

"நீங்க எழுதாததை எல்லாம் எடுத்துட்டு ஓட்டிக் காட்டுங்கண்ணே."

எடுத்தார்.

மேப் போனது. மணி காட்டுவது போனது. தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக ஆகி, அதுவும் போனது. வெள்ளைத் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் நின்றது. அமுக்கினார். ஒன்றும் வரவில்லை.

"வேன் இன்னும் கிளம்பலையோ?" என்றாள்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சத்தில் நின்றுவிட்டது.

ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்டது, என் பேரை அழிக்காதே என்பதுதான்.

தமிழ் எழுத்தைக் காட்டும் துண்டை எழுதியவர் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டிருந்தார். இதைத் திருத்தினால், திருத்தத்தையும் வாங்குகிறவருக்குத் திறந்து கொடு.

சந்தானம் அதைத் திருத்தியிருந்தார். கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நின்றதைச் சேர்த்துவைக்கப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

"இதையுமா கொடுக்கணும்?"

"உங்க ஆப்பை அவர் கேக்கலையேண்ணே. அவர் துணியில நீங்க போட்ட தையலைத்தான் கேக்கறார்."

தான் திருத்தின இடத்தைத் திறந்தார். பிறகு அதையும் பட்டியலோடு வைத்தார்.

காலையில் பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வாரமே ஒரு நாள் நல்ல மழை. வேன் வரவில்லை என்று தவித்த ஒரு அம்மா, அது பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் போனில் பார்த்தாள். அடுத்த நாள் சந்தானத்தைத் தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் நேராக மெஹருன்னிசாவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒருத்தனுக்கா இந்தக் கும்பிடு? அந்த முப்பத்தொன்பது பேர் முகம்கூட எனக்குத் தெரியாது. அவங்ககிட்ட எப்படிக் கொண்டு சேர்ப்பேன் டீச்சர்?"

"பேரையெல்லாம் பிழையில்லாம போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்போ சேர்ந்திருக்கும்."