அரைக்காசு அகப்பை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர் பெயர் கனகவர்மர். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதையே நம்புகிற வியாதி அவருக்கு உண்டு.

ஒருநாள் கடைசியாகப் பேசியவர் பொக்கிஷதார் சங்கரராயர். கஜானாச் சாவி இடுப்பில் தொங்குகிறதென்பதால் கஜானாவே தன்னுடையது என்று நடக்கிற ஆசாமி. மறுநாள் காலையில் முரசு அறைந்தார்கள்: "ஒரு வராகனுக்குக் குறைந்த விலையுள்ள எந்தப் பொருளும் இனி அரண்மனைக்குள் நுழையக் கூடாது!"

அவ்வளவுதான், துடைப்பங்கள் வெளியே போயின. அவற்றின் இடத்தில் வெள்ளிப் பிடி போட்ட மயிற்பீலி வந்தது. பீலி குப்பையைப் பெருக்கவில்லை, குப்பைக்கு விசிறிவிட்டது. மடைப்பள்ளிக்குத் தங்கக் கரண்டி வந்தது. கொதிக்கிற ரசத்தில் அதைவிட்டுக் கிண்டிய சமையற்காரர் கை சுட்டுக் கரண்டியைப் போட்டார். அதைத் துழாவி எடுக்க இன்னொரு தங்கக் கரண்டி போயிற்று, அதுவும் திரும்பவில்லை. ராஜாவின் பல்லிடுக்கில் ஒரு கொத்துமல்லித் தழை சிக்கிக்கொண்டது. ஈர்க்குச்சிக்கு அனுமதி இல்லாததால் வைர ஊசியால் குத்தி, ஈறு வீங்கி, ஒரு பக்கம் கன்னம் உப்பியபடி ராஜா கொலுவிருந்தார்.

அரண்மனை விகடன் குப்பாண்டிக்கு இதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. முடிந்தால் அவன் ஏன் விகடனாக இருக்கிறான்?

"அரசே, விலை ஏறினால் வேலை ஏறாது. அரைக்காசுப் பொருள் செய்கிற வேலையைச் சில சமயம் கஜானா முழுவதும் சேர்ந்தாலும் செய்யாது" என்றான்.

சங்கரராயர் இதற்காகவே பல வருஷமாகக் காத்திருந்தவர்போல எழுந்தார். "பிரபோ, குப்பாண்டி கஜானாவைப் பழிக்கிறான். அவன் சொல் மெய்யானால் அரைக்காசுக்கு ஒரே ஒரு பொருள் வாங்கி வரட்டும். கஜானாவால் ஆகாத ஒரு காரியத்தை அது சபையில் செய்து காட்டட்டும். தவறினால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி நாடு கடத்த உத்தரவாக வேண்டும்."

கடைசியாகப் பேசியவர் அவர்தானே! "அப்படியே ஆகட்டும். நாளை வேங்கைநாட்டு அரசர் வருகிறார். அந்தச் சபை கலைவதற்குள் காட்ட வேண்டும்" என்றார் ராஜா.

குப்பாண்டி முகம் தொங்க வீட்டுக்கு வந்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். அவன் மனைவி செங்கமலம் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரிங்க. வீட்டுல அகப்பைக் காம்பு ஒடிஞ்சு கெடக்கே, குழம்ப நான் வெரலாலயா கிண்டுறது? சந்தைக்குப் போறப்ப மறக்காம ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"அடியே, என்னையக் கழுதமேல ஏத்தப் போறாங்க. நீ அகப்பையப் பேசுற!"

"கழுதமேல போனாலும் வழிக்குச் சோறு கட்டணுமில்ல?"

மறுநாள் சந்தையைச் சல்லடைபோட்டுச் சலித்தான் குப்பாண்டி. ஊசியை எடுத்தான், கஜானாவில் தங்க ஊசி இருக்கிறது. கயிறு எடுத்தான், அங்கே வெள்ளிச் சங்கிலி இருக்கிறது. விசிறி, உறி, மத்து, எதை எடுத்தாலும் அதற்கொரு தங்கத் தம்பி கஜானாவில் குந்தியிருந்தான். போகிற மானம் போகட்டும், பெண்டாட்டி கேட்டதையாவது வாங்குவோம் என்று அகப்பை விற்கிறவளிடம் போனான். தேங்காய்ச் சிரட்டையில் மூங்கில் காம்பு செருகிய அகப்பை. தடவிப் பார்த்தான்.

"என்னம்மா, சிரட்டையெல்லாம் சொரசொரன்னு இருக்கு?"

"குடுக்குற அரக்காசுக்கு எழச்சும் குடுக்கணுமாய்யா? பட்டுப்போல வேணும்னா அரமனையில போய்க் கேளு."

காசைக் கொடுத்த அதே நொடியில் அரண்மனைச் சங்கு முழங்கிற்று. சபை கூடிவிட்டது! கையில் அகப்பையோடு குப்பாண்டி ஓடினான். வாசலில் ஒரு கழுதை மாலை போட்டுக்கொண்டு நின்றது. சங்கரராயர் எதிலும் முன்யோசனைக்காரர்.

உள்ளே நுழைந்ததும் சபை கொல்லென்று சிரித்தது.

"குப்பாண்டி, அந்த அகப்பை என் கஜானா செய்யாத எதைச் செய்யும்?" என்று கேட்டார் ராஜா.

"குழம்பு கிண்டும், அரசே."

"தங்கக் கரண்டியும் கிண்டுமே."

"கிண்டும் அரசே, கிண்டினவர்தான் கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருக்கிறார். சபை கலையும்வரை எனக்குத் தவணை உண்டல்லவா?" என்று சொல்லிவிட்டு, அகப்பையும் கையுமாகச் சிம்மாசனத்துக்குப் பின்னால் தன் இடத்தில் போய் நின்றான்.  

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அந்நிய அரசர் சபைக்கு வந்திருக்கையில் ராஜா வலக்கையில் செங்கோலும் இடக்கையில் வாளும் பிடித்தபடியே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் கீழே வைத்தாலும், வேறு யாருடைய கையாவது அவர்மேல் பட்டாலும் தீட்டு. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அவர் அரியணை ஏறக் கூடாது. அதுவரை நாட்டை ஆளப்போவது யார்? கஜானாச் சாவி வைத்திருப்பவர்தான்.

அன்றைக்கென்று ராஜா ஒரு புதுச் சட்டை போட்டிருந்தார். முழுக்க முழுக்கத் தங்கச் சரிகை. சங்கரராயர் முன்னின்று தைப்பித்தது. "உள்ளே ஒரு பருத்தித் துணி வைத்துத் தைக்கிறேன்" என்று தையற்காரன் கெஞ்சியதற்கு, "துணியா? ஒரு வராகன் பெறுமா?" என்று துரத்திவிட்டார். மாதமோ சித்திரை. வேங்கைநாட்டு அரசர் வந்தமர்ந்தார். அவருடைய கவிராயர் எழுந்து வாழ்த்துப் பாடத் தொடங்கினார். வியர்வை இறங்கியது. சரிகைமுனை ஒவ்வொன்றும் ராஜாவின் முதுகில் எறும்பாக ஊர்ந்தது.

ராஜா தோளைக் குலுக்கினார். இடுப்பை ஒடித்தார். கவிராயருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆஹா, என் பாட்டுக்கு உடம்பே ஆடுகிறதே! இதுவல்லவோ ரசனை!" என்று பாடியதை முதலிலிருந்து மறுபடி பாடினார்.

"ராயரே, முதுகு! ஏதாவது செய்யும்" என்று பல்லைக் கடித்தபடி முனகினார் ராஜா.

முதலில் மயிற்பீலி வந்தது. பின்கழுத்து வழியே விட்டார்கள். கூச்சம் தாங்காமல் ராஜா கிக்கிக்கி என்று சிரித்தார். அப்போது கவிராயர் வேங்கைநாட்டு அரசருடைய பாட்டனார் போர்க்களத்தில் மாண்ட பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். வேங்கைநாட்டு அரசரின் மீசை துடித்தது. அவருடைய தளபதி வாளின் பிடியில் கை வைத்தார். அடுத்துத் தந்தத்தால் செய்த கோல் வந்தது. வழுவழுவென்று வழுக்கியதே தவிரச் சொறியவில்லை. தங்கக் கரண்டியும் அப்படியே. ரத்தினம் பதித்த ஈட்டியைக் கொண்டுவந்தபோது ராஜாவே வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

சங்கரராயர் குனிந்து, காதோடு காதாக, "பிரபோ, செங்கோலை ஒரு நொடி வைத்துவிட்டுத் தாங்களே சொறிந்துகொள்ளுங்கள். ஒரு மண்டலம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ராஜாவின் வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இன்னும் ஒரு விரல்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில் பின்கழுத்து வழியாக அகப்பை இறங்கியது. சொரசொரத்த சிரட்டை முதுகில் மேலும் கீழும் போய்வந்தது. கர், கர், கர்.

"ஆஹாஹா!" என்றார் ராஜா. "இடப்பக்கம்... கொஞ்சம் கீழே... அங்கேதான், அங்கேதான்!" கண்களில் ஆனந்தக் கண்ணீர். அதைக் கண்ட வேங்கைநாட்டு அரசர், பாட்டனாருக்காக அழுகிறார் என்றெண்ணி உருகிப்போனார். தளபதியின் கை வாளைவிட்டு இறங்கியது.

"தீட்டு! தீட்டு!" என்று கூவினார் சங்கரராயர். "குப்பாண்டி அரசரைத் தொட்டுவிட்டான்! அரசர் அரியணையைவிட்டு இறங்க வேண்டும்!"

குப்பாண்டி கையை நிறுத்தாமலே சொன்னான்: "ஐயா, கை படக் கூடாது என்பதுதான் விதி. என் கை மூங்கிலைப் பிடித்திருக்கிறது. அரசர் முதுகில் இருப்பது தேங்காய்ச் சிரட்டை. தேங்காய்க்குக் கை உண்டென்று காட்டுங்கள், நானே போய்க் கழுதைமேல் ஏறுகிறேன்."

சபை வேங்கைநாட்டு அரசரைப் பார்த்தது. விருந்தாளி சாட்சி சொன்னால் மறுபேச்சில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கை படவில்லை. யாம் கண்ணால் கண்டோம்." பிறகு மெல்ல முன்னால் குனிந்தார். அவர் போட்டிருந்ததும் சரிகைச் சட்டைதான். "அப்பா குப்பாண்டி, அதை இப்படிக் கொஞ்சம் கொண்டுவருகிறாயா?"

அதற்குமேல் எந்தப் பேச்சுவார்த்தையும் தேவைப்படவில்லை. அகப்பைக்கு என்ன விலை வேண்டும் என்று கேட்டார் வேங்கைநாட்டு அரசர். கனகவர்மர் பெருந்தன்மையாக எதுவும் வேண்டாம் என்றார். சும்மா வாங்கிப்போவது வேங்கைநாட்டுக்கு அழகல்ல என்று சொல்லி, விருந்தாளி அரசர் தம்முடைய கவிராயரை அதற்கு ஈடாக விட்டுவிட்டு, அகப்பையை யானைமேல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இந்த யோசனை எப்போதிலிருந்து அவர் மனத்தில் இருந்ததோ தெரியாது. வாசலில் நின்ற கழுதை தன் மாலையைத் தின்றுவிட்டு எங்கேயோ போயிருந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பழைய உத்தரவை அங்கேயே ரத்து செய்தார். துடைப்பங்கள் மேளதாளத்தோடு திரும்பி வந்தன. குப்பாண்டிக்கு ஒரு பை நிறையப் பொன்னும், செங்கமலத்துக்கு ஒரு வண்டி நிறைய அகப்பையும் கிடைத்தன. "இந்தச் சரிகைச் சட்டையும் உனக்கே" என்று ராஜா கழற்றப் போனார்.

குப்பாண்டி இரண்டடி பின்வாங்கினான். "அரசே, அடியேன் ஏழை. இவ்வளவு விலையுயர்ந்த அரிப்பு எனக்குத் தாங்காது. அதன் அருமை தெரிந்தவர் ராயர்தான்."

அன்றுமுதல் சபை கூடும் நாளெல்லாம் சங்கரராயர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கைகட்டி, கவிராயருக்கு நேர் எதிரே உட்கார வேண்டும் என்று ஆணை பிறந்தது. முதல்நாள் பாட்டு தொடங்கியது. சங்கரராயர் தோளைக் குலுக்கினார். இடுப்பை ஒடித்தார். நாற்காலியில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து நெளிந்தார்.

"அடடா, ராயருக்கு எத்தனை ரசனை!" என்று கவிராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பாட்டிலிருந்து மறுபடியும் தொடங்கினார். ராஜாவும் குப்பாண்டியும் சத்தம் போடாமல் எழுந்து சாப்பிடப் போனார்கள்.